ஐம்பதாயிரத்தில் கேமிங் பிசி: எதில் சிக்கனம், எதில் கூடாது

2025 ஜூலையில் அக்கா, சீட்டு எடுத்த பணத்திலிருந்து 50,000 ரூபாயை எண்ணி என் கையில் கொடுத்தாள். "மானிட்டரோட சேர்த்து இதுக்குள்ள முடிக்கணும். அவன் என்ன கெஞ்சினாலும் இதுக்கு மேல என்கிட்ட வராதீங்க" என்றாள். அவள் மகன் அப்போதுதான் இரண்டாம் பியுசி (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்திருந்தான். அவன் தினமும் ஆடுவது வேலரண்ட். ஆட ஆசைப்படுவது ஜிடிஏ 5, சைபர்பங்க் மாதிரி பெரிய கேம்கள். பெங்களூரின் அல்சூர் வீட்டில் உட்கார்ந்து இரண்டு வாரம் கணக்குப் போட்டோம், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டுக்கு மூன்று தடவை போய் வந்தோம். இதே தொகையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன். விலைகள் எல்லாம் அந்த ஜூலையில் கடையில் எங்களுக்குச் சொன்னவை. இப்போது நிலைமை மாறியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒதுக்க வேண்டியதை ஒதுக்கிவிடுவோம். "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், 20,000 ரூபாய்" என்று விளம்பரம் வரும். அந்த ஐ7 பெரும்பாலும் 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை. அந்த 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு (திரையில் படம் வரையும் பலகை) பெரும்பாலும் 2014-ல் வந்த ஜிடி 730. கார்டில் எத்தனை ஜிபி என்பது அதன் வேகத்தைச் சொல்லாது. சின்னக் குடத்துக்குப் பெரிய மூடி போட்ட கதைதான். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11-க்குப் போக வேண்டும். அதில் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், மெஷின் தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட்டும் கட்டாயம் வேண்டும். மூன்றாம் தலைமுறை மெஷினில் டிபிஎம் 2.0 கிடையாது. வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு பையன் ஆட நினைத்த கேமே திறக்காது.

அதைத் தள்ளிவிட்டால் எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் டெஸ்க்டாப்பை வாங்கி அதில் ஒரு சின்ன கார்டு செருகுவது. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிற பிராசஸரை இப்போது வாங்கி, கார்டைப் பிறகு பார்த்துக்கொள்வது. எல்லாம் புதிது, கார்டு மட்டும் செகண்ட் ஹேண்ட். நான்காவது, ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்5 என்கிற புதிய சாக்கெட்டுக்கே (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) போய்விடுவது.

மருமகன் முதலில் பிடித்துக்கொண்டது இரண்டாவது வழியை. "மாமா, இப்போ 5600ஜி போட்டுக்கலாம். கார்டு அடுத்த வருஷம் வாங்கிக்கலாம்" என்றான். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசஸரின் உள்கிராபிக்ஸ் வேலரண்டைக் குறைந்த செட்டிங்கில் நன்றாகவே ஓட்டும், ஒரே நிபந்தனை ரேம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். உள்கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமையே கடன் வாங்கி ஓடுவதால் ஒற்றை ஸ்டிக் போட்டால் பாதி வழி அடைத்த மாதிரி ஆகிவிடும். ஆனால் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும், உள்கிராபிக்ஸ் இல்லாத 5600-ம் இந்த 5600ஜி-யும் ஒரே சரக்கு இல்லை. 5600-ல் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பி, 5600ஜி-யில் 16 எம்பி. கார்டோடு பேசும் பாதையான பிசிஐஇ 5600-ல் 4.0, மற்றதில் 3.0. எங்களுக்குச் சொன்ன விலை 5600-க்கு 9,200, 5600ஜி-க்கு 11,000. அதாவது 1,800 கூடக் கொடுத்து, கார்டு வந்த அன்றே பயனற்றுப் போகிற கிராபிக்ஸை வாங்குகிறோம், பிராசஸரும் கொஞ்சம் மெதுவாகக் கிடைக்கிறது. "அடுத்த வருஷம்" என்பது அக்காவின் அடுத்த சீட்டைப் பொறுத்தது. காலேஜ் ஃபீஸ் அதற்கு முன்னால் வரிசையில் நிற்கும். ஹாஸ்டலில் சின்னப் பெட்டி போதும், வேலரண்ட் மட்டும்தான் என்பவர்களுக்கு 5600ஜி சரி. பெரிய கேம் மேல் கண் இருக்கிறவனுக்கு இது இரண்டு தடவை செலவு.

ஆபீஸ் பெட்டி வழியைப் பலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெங்களூரில் இருப்பதால் நமக்குக் கிடைக்கிற வசதி இது. கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒருமுறை டெஸ்க்டாப்புகளை மொத்தமாகக் கழிக்கும். அவை சுத்தம் செய்யப்பட்டு எஸ்பி ரோட்டில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். கேட்க வேண்டியது ஒன்றுதான், எட்டாம் தலைமுறை ஐ5 அல்லது அதற்கு மேல். எட்டிலிருந்துதான் விண்டோஸ் 11-ஐ இன்டெல் பிராசஸர்களில் மைக்ரோசாஃப்ட் முறையாக ஏற்கிறது. ஐ5 8500 என்றால் ஆறு கோர். 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 14,000 சொன்னார்கள். ஆனால் அந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பாகம்) கம்பெனி அளவில் செய்தது, கடையில் கிடைக்கிற வேறொன்றை மாற்றிப் போட முடியாது, கார்டுக்குத் தனி மின்வயரும் இருக்காது. ஆகவே ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் கார்டு வேண்டும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050-ன் 6 ஜிபி ரகம் அதற்கென்றே வந்தது போல இருக்கிறது, 70 வாட் போதும். ஒல்லியான பெட்டியாக இருந்தால் லோ புரொஃபைல் எனும் குட்டையான கார்டுதான் நுழையும், வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து பார்த்துவிட வேண்டும். கார்டு 16,500. மொத்தம் 30,500. கையில் முப்பதாயிரம்தான் என்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன். குறை என்னவென்றால், நாளைக்கு இதில் எதையும் பெரிதாக மாற்ற முடியாது.

ஏஎம்5-ஐ வேகமாகக் கடந்துவிடலாம். போர்டு, டிடிஆர்5 ரேம், பிராசஸர் சேர்ந்து, 5600 உட்காரும் பழைய ஏஎம்4-ஐ விட ஏறக்குறைய 12,000 அதிகம் வந்தது. 2027-க்கும் அதற்கு அப்பாலும் அந்தச் சாக்கெட்டை ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருப்பதால், நாளை பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மையான லாபம். ஆனால் 50,000-க்குள் அந்தப் பன்னிரண்டாயிரம் கார்டிலிருந்துதான் போக வேண்டும். கார்டு இல்லாத கேமிங் பிசியில் சாக்கெட்டின் எதிர்காலம் யாருக்கு? எழுபதாயிரம் இருக்கிறவர் யோசிக்கலாம்.

மிச்சம் மூன்றாவது வழி. இதில் ரைசன் 5 5600-ஆ, இன்டெல் ஐ5 12400எஃப்-ஆ என்று வீடியோக்களில் பெரிய சண்டையே நடக்கிறது. இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். இந்த பட்ஜெட்டில் போடக்கூடிய கார்டோடு ஆடும்போது வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அன்றைக்குப் போர்டோடு சேர்த்து எது மலிவோ அது. எங்களுக்கு 5600-ம் பி450 போர்டும் சேர்ந்து 15,000-க்கு வந்தன, இன்டெல் பக்கம் இரண்டாயிரம் அதிகம். பி450 வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: 5600-ஐ ஏற்கும் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) போட்டிருக்கிறார்களா என்று. பழைய ஸ்டாக் என்றால் ஸ்கிரீன் இருட்டாகவே நிற்கும். கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். பெயர் எஃப்-ல் முடிகிற இன்டெல்லுக்கும், இந்த 5600-க்கும் உள்கிராபிக்ஸ் கிடையாது. மானிட்டர் வயரைக் கார்டில்தான் செருக வேண்டும்.

இப்போது கார்டு. புதிதாக வாங்கினால் 16,500-க்கு 3050 6 ஜிபி. அப்போதுதான் வந்திருந்த ஆர்டிஎக்ஸ் 5050 இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி, எங்களுக்கு எட்டாது. செகண்ட் ஹேண்டில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 12,500. வேகத்தில் 6600, 3050 6 ஜிபியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நாலாயிரம் குறைவாகக் கொடுத்து ஒன்றரை மடங்கு வேகம் என்றால் முடிவு எளிது என்று தோன்றும். அப்படியும் இல்லை. பிளெண்டர் எனும் 3டி மென்பொருள், வீடியோ எடிட்டிங் என்று வேலைக்கும் பயன்படுத்துபவருக்கு என்விடியா கார்டுதான் சுகம், பல மென்பொருள்கள் அதை வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. கேம் மட்டும் என்றால் 6600. ஆனால் பழைய கார்டைச் சோதிக்கத் தெரிந்தவர் ஒருவர் கூட வர வேண்டும். இல்லாவிட்டால் நாலாயிரம் போனாலும் பரவாயில்லை, வாரண்டியோடு புதியதையே வாங்குங்கள்.

நாங்கள் கார்டு வாங்கியது கடையில் இல்லை, ராமமூர்த்தி நகரில் ஒரு வீட்டில். விற்றவர் தன் மெஷினிலேயே ஓட்டிக் காட்ட ஒத்துக்கொண்டார். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க மாட்டேன் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். முதலில் பில். அதில் இருக்கிற சீரியல் நம்பரும் கார்டின் பின்பக்க ஸ்டிக்கரும் ஒன்றா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். 2023-ல் வாங்கியது, மூன்று வருஷ வாரண்டியில் கொஞ்சம் பாக்கி இருந்தது. திருகுகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று மொபைல் டார்ச்சில் பார்த்தேன்; திறந்து மூடிய கார்டு என்றால் அங்கே தெரிந்துவிடும். ஃபேனை விரலால் மெல்லச் சுற்றி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு கார்டை மூக்கருகே கொண்டுபோய் மோந்தேன். மருமகன் சிரித்தான். எரிந்து போன பாகத்தின் வாசனை மாதக்கணக்கில் போகாது, அதனால்தான் மோந்து பார்ப்பது.

அடுத்தது கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள். 6600 என்றால் ஷேடர் (கார்டுக்குள் இருக்கும் சிறு கணக்கு யூனிட்) எண்ணிக்கை 1792 காட்ட வேண்டும். பெயரை மாற்றி விற்கிற கார்டுகள் இங்கே பிடிபடும். அப்புறம் கார்டை முழு மூச்சில் ஓட வைக்கும் ஃபர்மார்க் பதினைந்து நிமிஷம். சிப்பின் பொது வெப்பத்தையும் ஹாட்ஸ்பாட் (மிகச் சூடான இடத்தின்) வெப்பத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தோம். இரண்டுக்கும் நடுவே இருபது டிகிரிக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் உள்ளே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். எங்களுக்குப் பதிமூன்றில் நின்றது. திரையில் புள்ளி, கோடு எதுவும் வரவில்லை. கடைசியாக எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் ஒவ்வொன்றிலும் வயரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம். ஒரு மணி நேரம் ஆனது. அந்த வீட்டு அம்மா இரண்டு தடவை காபி கொடுத்தார். பணத்தை அதற்குப் பிறகுதான் கொடுத்தோம்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் நான் கறாராக இருந்தேன். ஒரு கடையில் "கேபினட்டோட 500 வாட் எஸ்எம்பிஎஸ், 2,600 ரூபாய், எல்லாரும் இதுதான் சார் கொண்டு போறாங்க" என்றார்கள். பக்கவாட்டு லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்ப் என்று போட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். பிராசஸரும் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். 5600 உச்சத்தில் 76 வாட், 6600-க்கு 132 வாட். இரண்டும் சேர்ந்தே 208. மேலே 500 என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும், கேம் சூடு பிடிக்கும் நேரத்தில் அந்தப் பெட்டி மூச்சு திணறும். அது போகும்போது தனியாகப் போகாது, போர்டையோ கார்டையோ கூட்டிக்கொண்டு போகும். கார்டுக்கான எட்டு பின் வயரும் அதில் இல்லை, பழைய வயரிலிருந்து மாற்றிச் செருகும் கன்வெர்ட்டர் தருவதாகச் சொன்னார்கள். அந்தக் கன்வெர்ட்டர் உருகிக் கருகியதை நான் நண்பர் வீட்டில் நேரில் பார்த்திருக்கிறேன். நாங்கள் வாங்கியது 80 பிளஸ் பிராண்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான தரச்சான்று), 550 வாட், ஐந்து வருஷ வாரண்டி, 4,100 ரூபாய். 12 வோல்ட்டில் மட்டும் 44 ஆம்ப், அதாவது 528 வாட். இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாலே கனத்தில் வித்தியாசம் தெரியும். பட்ஜெட் இடித்தால் எஸ்எஸ்டியைச் சின்னதாக்குங்கள், கேபினட்டில் விளக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். இதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எல்லாம் பூட்டி முடித்த அன்று ராத்திரி, மருமகன் வெறுங்காலோடு தரையில் நின்று கேபினட்டின் திருகைத் தொட்டுவிட்டு "மாமா, கடிக்குது" என்று கையை உதறினான். புறங்கையால் தடவிப் பார்த்தேன், எறும்பு ஊர்வது போல ஒரு சுரசுரப்பு. டெஸ்டரை வைத்தேன், மங்கலாக எரிந்தது. எஸ்எம்பிஎஸ் கெட்டதில்லை. அதற்குள் இருக்கும் வடிகட்டி கெபாசிட்டர்கள் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் இரும்பு உடம்புக்கு இணைந்திருக்கும். கசிகிற அந்தச் சிறு மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டும். பழைய வாடகை வீடு, பிளக்கில் மூன்று ஓட்டை இருந்ததே தவிர மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. இறங்க வழி இல்லாமல் அது கேபினட்டிலேயே நின்றது. மெஷினை உடனே அணைத்து பிளக்கைப் பிடுங்கினோம். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் பலகையிலிருந்து எர்த் வயர் இழுத்துக் கொடுத்தார், 600 ரூபாய். அல்சூர், ஸ்ரீராமபுரம் மாதிரி பழைய பகுதிகளில் இருக்கிறவர்கள் பாகம் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகள் கை வைக்கிற பொருள்.

மற்றவை சுருக்கமாக. ரேம் 8 ஜிபி இரண்டாக, 3200 வேகம், 3,400. பயாஸில் எக்ஸ்எம்பி எனும் ரேம் வேக அமைப்பை ஆன் செய்யாவிட்டால் அது குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ, 3,000. பெரிய கேம் மூன்று போட்டால் நிறைந்துவிடும் என்று தெரிந்தேதான் வாங்கினோம், இன்னொன்று சேர்ப்பது சுலபம். கேபினட் 2,800, முன்பக்கம் கண்ணாடியாக இருப்பதை விட்டுவிட்டு வலை போட்டதை எடுத்தோம், காற்று நுழைய வேண்டுமே. நம் ஊர் தூசிக்கு மாதம் ஒருமுறை அந்த வலையைக் கழற்றித் தட்ட வேண்டியிருக்கிறது. மானிட்டர் 24 அங்குலம், ஐபிஎஸ், 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு நூறு தடவை படம் மாறும்), 8,200. விண்டோஸ் தானாக 60-லேயே வைத்திருந்தது, டிஸ்பிளே செட்டிங்கில் போய் 100-ஆக மாற்றிய பிறகுதான் "மாமா, இப்போ வழுக்கிக்கிட்டுப் போகுது" என்றான்.

பிராசஸரும் போர்டும் 15,000, ரேம் 3,400, எஸ்எஸ்டி 3,000, கார்டு 12,500, எஸ்எம்பிஎஸ் 4,100, கேபினட் 2,800, மானிட்டர் 8,200. கூட்டினால் 49,000. எர்த் வயருக்கு 600. மீதி 400-ஐ அக்காவிடம் திருப்பிக் கொடுத்தோம். கீபோர்டும் மவுஸும் என்னுடையவை.

கடைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மெட்ரோவில் மெஜஸ்டிக்கில் மாறி சிக்பேட்டையில் இறங்கினால் எஸ்பி ரோடு நடக்கிற தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். "பில் இல்லாம எடுத்தா குறைச்சுத் தரேன்" என்று சொல்வார்கள். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாவது போலத் தோன்றும். பிராசஸருக்கு மூன்று வருஷம், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து வருஷம் வாரண்டி கேட்டுப் போகும்போது அந்தக் காகிதம்தான் நம் கையில் இருக்கும் ஒரே பிடி. சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் நாங்கள் எதையும் புதிதாக வாங்கவில்லை.

ஜூலைக்குப் பிறகு ஒன்று மாறியது. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் கம்பெனி குரூஷியல் என்ற தன் சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப் போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டியும் கூடவே ஏறியது. நாங்கள் 3,400-க்கு வாங்கிய ரேமை இன்று அந்த விலைக்குக் கேட்டால் கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். ஆகவே என் கணக்கில் வரிசை மாறிவிட்டது. ஏஎம்5 இன்னும் தூரம் போய்விட்டது. 5600ஜி வழியும் ரேமை நம்பியே ஓடுவதால் வலுவிழந்துவிட்டது. ஆபீஸ் பெட்டிதான் மேலே வந்திருக்கிறது, ஏனென்றால் 16 ஜிபி ரேம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் அக்கா மகனின் நண்பன் அதே ஐம்பதாயிரத்தோடு வந்து கேட்டான். முதலில் ரேமோடு வரும் எட்டாம், பத்தாம் தலைமுறைப் பெட்டி, உயரமான கேபினட்டாக, என்ன விலை என்று நான்கு கடையில் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவும் சொல்லியிருக்கிறேன்.